எல்லி, எல்லை, இல்லை

எங்கள் ஊர் ஆற்றின் பெயரைப் பற்றிச் சண்டை போடாத ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. சலூனில் கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் ஆரம்பிப்பார். பல் டாக்டர், நாம் வாயைத் திறந்துகொண்டு பதில் சொல்ல முடியாமல் கிடக்கும் நேரம் பார்த்து ஆரம்பிப்பார். ஊருக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்டால், உண்மையிலேயே பெரிதாக ஒன்றும் இல்லை.

வெள்ளைக்காரன் காலத்து நில வரைபடத்தில் அந்த ஆற்றுக்கு 'எல்லி' என்று எழுதியிருக்கிறது. எழுதியவர் நிலம் அளக்க வந்த ஒரு துரை. ஏன் அப்படி எழுதினார் என்று யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. அதனால் ஊரில் மூன்று கட்சி. எல்லி என்பது துரையின் மகள் என்கிறது முதல் கட்சி. சின்னப் பெண், படகிலிருந்து தவறி விழுந்தாள், உடல் கிடைக்கவில்லை, புதைக்க ஒன்றும் இல்லாத அப்பன் ஆற்றுக்கே அவள் பெயரை எழுதிவிட்டான். அதெல்லாம் கட்டுக்கதை என்கிறது இரண்டாவது கட்சி. ஆறு இரண்டு பெரிய பண்ணைகளுக்கு நடுவே எல்லையாக இருந்தது, 'எல்லை' என்று நம் ஆட்கள் சொன்னது துரையின் காதில் 'எல்லி' என்று விழுந்தது, அவ்வளவுதான். மூன்றாவது கட்சி சொல்வது இன்னும் எளிது. கரையில் நின்றவனிடம் துரை, "இந்த ஆற்றுக்குப் பெயர் உண்டா?" என்று கேட்டார், அவன் "இல்லீங்க" என்றான், துரையும் நன்றி சொல்லி 'எல்லி' என்று எழுதிக்கொண்டார். இந்த இல்லைக் கட்சிக்கு ஊரில் ஆளே இல்லை. எல்லி என்றால் பழந்தமிழில் இரவு என்று கல்லூரித் தமிழாசிரியர் ஒருவர் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தார். பாவம், அவருக்குப் பகலிலேயே ஆள் சேரவில்லை.

எல்லைக் கட்சிக்குத் தலைவர் என் வீட்டுக்காரர். எல்லிக் கட்சிக்குத் தலைவர் என் சொந்த அண்ணன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதைக் கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். மத்தளமாவது கச்சேரி முடிந்ததும் உறைக்குள் போய்விடும்.

என் வீட்டுக்காரர் நில அளவை அலுவலகத்தில் படம் வரைபவராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. பென்சிலைக் கத்தியால்தான் சீவுவார். ஆற்றின் இரண்டு கரையிலும் புதரை விலக்கி விலக்கிப் பழைய எல்லைக் கற்களைத் தேடிப் படம் எடுத்து வைத்திருக்கிறார். அண்ணன் படகுத்துறையில் 'எல்லி படகுச் சவாரி' நடத்துகிறார். நடு ஆற்றில் இன்ஜினை நிறுத்துவார், குரலைத் தாழ்த்துவார், "இங்கதாங்க விழுந்தா" என்பார். சுற்றுலா வந்த பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். நான் மாவட்ட அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு பேரும் பத்திரிகைகளுக்கு அனுப்பும் கட்டுரைகள் என் மெஷினில்தான் நகலாகும். எல்லை இடது தட்டில் விழும், எல்லி வலது தட்டில் விழும், சில நாள் மெஷின் மக்கர் பண்ணி இரண்டையும் கலந்து துப்பும். அப்போது படித்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்.

இதுவரை சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டேன். இனி அப்படிச் சொல்ல முடியாது. எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள். எட்டு வயதில் அந்த ஆற்றில்தான் போனாள். விடுமுறை நாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பாலத்தடிக்கு விளையாடப் போனாள். மேலே எங்கேயோ பெய்த மழைக்கு ஆறு திடீரென்று ஏறியது. மற்ற பிள்ளைகள் கரையேறிவிட்டார்கள். அண்ணனும் படகுக்காரர்களும் நாள் கணக்கில் தேடினார்கள். அவள் கிடைக்கவே இல்லை.

அண்ணன் ஒரு வருஷம் அந்தக் கதையைச் சொல்லவில்லை. பிறகு வயிறு இருக்கிறதே, மறுபடி சொல்ல ஆரம்பித்தார். ஊரில் சிலர், தங்கை மகள் போன ஆற்றில் நின்றுகொண்டு இப்படி வியாபாரமா என்று பேசினார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? நடு ஆற்றில் அவர் குரலைத் தாழ்த்தும்போது எந்தப் பெண்ணுக்காகத் தாழ்த்துகிறார் என்று எனக்குத் தெரியும். எனக்கு அவர்மேல் ஒரு கோபமும் இல்லை.

என் கோபமெல்லாம் வீட்டுக்குள் இருந்தது. மகள் போன நாளிலிருந்து இவர் அவள் பெயரைச் சொன்னதில்லை. நான் சொன்னால் எழுந்து போய்விடுவார். அவளுடைய பள்ளிப் பையை நான் துடைத்து வைத்துக்கொண்டிருந்தால் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். கொஞ்ச நாளில் ஆற்றின் பெயரைத் தோண்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆற்றின் மேல் வழக்குப் போட முடியாது, அதனால் மனுஷன் அதன் பெயர் மேல் போட்டார் என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். வருஷக்கணக்கில் அந்த வீட்டில் ஒரு குழந்தையைப் பற்றிப் பேச்சு நடந்தது என்றால் அது துரையின் குழந்தையைப் பற்றித்தான். அவள் கிடையவே கிடையாது என்பதுதான் அந்தப் பேச்சு.

நான் எந்தக் கட்சி என்று யாரும் கேட்டதில்லை. நான் எல்லிக் கட்சி. துரையைப் பற்றி ஊரே பேசுகிறது, துரையின் மனைவியைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. நான் அவளை நினைத்துக்கொள்வேன். மெஷின் சூடேறும் வரை காத்திருக்கும்போது, லேமினேஷன் தாள் ஆறும் வரை நிற்கும்போது, அவள் ஞாபகம் வரும். முகம் தெரியாது, பாஷை தெரியாது. ஆனால் அவளுக்கும் புதைக்க ஒன்றும் கிடைக்கவில்லை. என்ன, அவளுடைய புருஷன் பெயரை எழுதியாவது வைத்தான். போவோர் வருவோரெல்லாம் அவள் பெண்ணின் பெயரைச் சொல்கிறார்கள். எனக்கு அவள்மேல் பொறாமை உண்டு. அதைவிட, அவள் எனக்குத் துணை. இது பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்துதான் யாரிடமும் சொல்லவில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்ததை அரசாங்கம் வந்து கலைத்தது. வெள்ளைக்காரன் வைத்த பெயர்களை எல்லாம் நீக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. நம் சொல்லிலிருந்து வந்த பெயரானால் திருத்தி வைத்துக்கொள்வார்களாம், வெள்ளைக்காரரின் பெயரானால் எடுத்துவிட்டுப் புதுப் பெயர் வைப்பார்களாம். எல்லி எந்த வகை என்று விசாரிக்க ஓர் அதிகாரியை நியமித்தார்கள். அண்ணன் ஒரே நாளில் கட்சி மாறினார். துரை மகள் என்று சொன்னால் பெயர் போகும், பெயர் போனால் படகு, பலகை, டிக்கெட் எல்லாம் மாற்ற வேண்டும். 'எல்லை'யாக இருந்தால் ஓர் எழுத்தோடு போயிற்று. காலையிலேயே வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ள, யோசிச்சுப் பாத்தேன். நீங்க சொல்றதுலதான் நியாயம் இருக்கு."

"எப்ப யோசிச்சீங்க மச்சான்? பேப்பர் பாத்த பிறகா?" என்றார் இவர்.

"நேரம் எதுவா இருந்தா என்ன, புத்தி வந்துச்சா இல்லையா?"

என் வீட்டுக்காரர் சிரித்தார். அவர் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. இரண்டு பேரும் எல்லைக் கற்களின் படங்களை மேஜையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். எல்லிக் கட்சியில் நான் ஒருத்திதான் மிச்சம் என்று எனக்கு அப்போது உறைத்தது.

விசாரணைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வீடியோ கால் வந்தது. துரையின் தம்பி வழியில் வந்த ஒரு வயதான அம்மாவை இவர் எப்படியோ கண்டுபிடித்திருந்தார். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப், அதற்கு முன்னால் இவர். பக்கத்தில் அண்ணன், கேமராவில் விழுவோம் என்று தலையைப் படிய வாரிக்கொண்டு. நான் சமையலறை வாசலில் நின்றேன். அந்த அம்மாவுக்குப் பின்னால் ஒரு பூனை நடமாடிக்கொண்டிருந்தது. இவர் மரியாதையாகக் கேட்டார், அவர்கள் சிரித்துக்கொண்டே என்னமோ சொன்னார்கள். இவர் முகம் மலர்ந்தது.

"என்ன சொல்றாங்க?" என்றார் அண்ணன்.

"துரைக்குக் கல்யாணமே ஆகலையாம். அவங்க குடும்பத்துலயே கடைசி வரைக்கும் ஒண்டிக்கட்டையா இருந்தவர் அவர் ஒருத்தர்தானாம்."

"அட, கல்யாணம் ஆகலேன்னா குழந்தை இருக்காதுன்னு யாரு..." என்று பழைய பழக்கத்தில் ஆரம்பித்த அண்ணன், தான் எந்தக் கட்சி என்பது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டார்.

நான் உள்ளே போய்விட்டேன். ஒரு நிமிஷத்தில் எனக்கு அந்தக் குழந்தையும் இல்லை, அவள் அம்மாவும் இல்லை. இத்தனை வருஷம் நான் யாரோடு பேசிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அழுகை அதிகமாக வந்தது. அண்ணன் கிளம்பும் வரை அடக்கிக்கொண்டேன். பிறகு மேஜைக்கு வந்தேன். இவர் லேப்டாப்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சந்தோஷமா?" என்று கேட்டேன்.

"ஏன், என்ன ஆச்சு?"

"ஒரு குழந்தையை இல்லேன்னு ஆக்கிட்டீங்களே, அதான் கேட்டேன்."

"இல்லாத குழந்தையை இல்லேன்னுதானே சொல்லணும்?"

"இருந்த குழந்தையையும் இந்த வீட்ல அப்படித்தானே பண்ணீங்க?"

சொல்லியிருக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றவில்லை. இன்றைக்கும் தோன்றவில்லை. அவர் துணியை மடித்து வைத்தார், குளியலறைக்குள் போனார், குழாயைத் திறந்துவிட்டார். நெடுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

விசாரணை மாவட்ட அலுவலகத்தின் கூட்ட அறையில் நடந்தது. நீள மேஜை, மேலே பச்சைத் துணி, அதன்மேல் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் யாரோ எப்போதோ சொருகிய பழைய காலண்டர். மைக் வாயருகே போனாலே விசில் அடித்தது. நான் கடையைப் பூட்டிவிட்டுப் பின் வரிசையில் உட்கார்ந்தேன். அதிகாரி ஒரு பெண், பொறுமையானவர். ஓரத்தில் ஒரு டைப்பிஸ்ட், சொல்வதைச் சொன்னபடி கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

இவர் நன்றாகப் பேசினார், பொய் சொல்லக் கூடாது. கற்கள், பண்ணைகள், பழைய படத்தில் துரை வேறு பெயர்களையும் இப்படித்தான் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார் என்பதற்கு உதாரணங்கள், கடைசியில் அந்த வீடியோ கால். அதிகாரி தலையாட்டிக்கொண்டே கேட்டார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். ஜெயித்தாயிற்று என்று அர்த்தம்.

"தெளிவா சொன்னீங்க ஐயா," என்றார் அதிகாரி. "பதிவுக்காக ஒரே ஒரு கேள்வி. அந்த ஆத்துல மூழ்கிப்போன சின்னப் பொண்ணுன்னு ஒருத்தி இல்லவே இல்லை. சரிதானே? நீங்க வாயால ஒரு தடவை 'இல்லை'ன்னு சொல்லிட்டா முடிச்சிடலாம்."

இத்தனை வருஷமாக எல்லோரிடமும் சொன்ன சொல். கட்டுரைக்குக் கட்டுரை எழுதிய சொல். அவர் வாயைத் திறந்தார், மூடினார். மைக் விசில் அடித்தது. தண்ணீர் வேண்டுமா என்று யாரோ கேட்டார்கள்.

"இருந்தா," என்றார்.

"யாருங்க?"

"எம் பொண்ணு."

பிறகு அவள் பெயரைச் சொன்னார். முழுப் பெயர், முன்னால் தன் இனிஷியலோடு, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது சொன்ன மாதிரி. அத்தனை வருஷம் கழித்து அந்தப் பெயரை அவர் குரலில் கேட்டேன். அந்தக் குரலில் அந்தப் பெயர் எப்படி இருக்கும் என்பதையே நான் மறந்திருந்தேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "மன்னிச்சிருங்க ஐயா, எனக்குத் தெரியாது. ஆனா அது வேற விஷயம், இது வேற விஷயம் இல்லீங்களா?"

"எனக்கு ஒண்ணுதாங்க. அந்த ஆத்துல பொண்ணு இல்லேன்னு மட்டும் என் வாயால சொல்ல வராது."

"மேடம், இருந்தான்னு ஏத்தவா, இல்லைன்னு ஏத்தவா?" என்றார் டைப்பிஸ்ட். முன் வரிசையில் அண்ணன் உரக்க அழுதுகொண்டிருந்தார். வழக்கமாகக் குரலைத் தாழ்த்துகிறவருக்கு அன்று தாழ்த்த வரவில்லை.

டைப்பிஸ்ட் எதை ஏற்றினார் என்பது உத்தரவு வந்தபோது தெரிந்தது. ஆற்றில் மூழ்கிய சிறுமி ஒருத்தி இருந்ததை எல்லைத் தரப்பே ஒப்புக்கொண்டுவிட்டபடியால் பெயர் அவளைக் குறிப்பதே என முடிவு செய்யப்படுகிறது, ஆகவே நீக்கப்படுகிறது. எங்கள் ஊர் அலுவலகம் மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது புதிதல்ல, ஆனால் இப்படி ஒரு முடிச்சை நான் பார்த்ததில்லை. ஆற்றுக்கு ஒரு தலைவருடைய தாயாரின் பெயரை வைத்தார்கள். அந்த அம்மா இந்த ஆற்றைப் பார்த்திருக்க வாய்ப்பே இல்லை. அண்ணன் படகுகளுக்குப் பெயின்ட் அடித்தார். என்னிடமோ இவரிடமோ ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு சொல் தப்பாக ஏறியதற்காக அவருடைய அத்தனை வருஷ உழைப்பும் போவதா? எல்லி என் துணையாக இருந்தாள், உண்மைதான். ஆனால் மனுஷன் புதருக்குள் முள் கிழிக்கத் தேடிய கற்கள் நிஜமானவை. மேல்முறையீடு செய்யலாம் என்று வக்கீல் சொன்னார். கடையில் ஒரு காலை நேரம், கட்டுரைகளையெல்லாம் அடுக்கி நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். இவர் வந்து உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எதுக்கு இதெல்லாம்?"

"மேல்முறையீட்டுக்கு. தப்பா ஏறினதைத் திருத்தச் சொல்லலாமாம்."

"திருத்தணும்னா நான் போய் இல்லேன்னு சொல்லணும்," என்றார். "வேண்டாம்மா. மெஷினை நிறுத்து."

நிறுத்தினேன். அதன் விசிறி ஓய்வதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. அது வரை அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நான் முன்னறையில படம் வரைஞ்சுக்கிட்டு இருந்தேன்," என்றார். "அவ வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டு 'அப்பா, போறேன்'னா. 'போறேன்னு சொல்லாதே, போயிட்டு வரேன்னு சொல்லு'ன்னு எத்தனை தடவை அவளைத் திருத்தியிருக்கேன். அன்னிக்கு ஒரு கோடு பாதியில நின்னுச்சு, நான் தலையைத் தூக்கலை."

நான் கையிலிருந்த தாள்களை மெஷின் மேல் வைத்தேன்.

"துரைக்குக் காது சரியில்லைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். என் காதைப் பத்தி எனக்கே நிச்சயம் இல்லை. சில நாள் போறேன்னுதான் சொன்னான்னு தோணும். சில நாள், இல்லை, வரேன்னு சொன்னா, நான்தான் பாதியைக் கேட்டேன்னு தோணும். உன்கிட்ட கேக்கவும் பயம். நீயும் போறேன்னு சொன்னான்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்?" நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீ வீட்லதானே இருந்தே. உனக்கு என்ன கேட்டுச்சு?"

நான் அன்று பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தேன். வாளி நிரம்பட்டும் என்று குழாயை முழுக்கத் திறந்து விட்டிருந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் வெளியே போனதே எனக்குத் தெரியாது.

"வரேன்னுதான் சொன்னா," என்றேன்.

"நல்லாக் கேட்டுச்சா?"

"நல்லாவே கேட்டுச்சு. 'போயிட்டு வரேம்மா'ன்னு என்கிட்டயும் கத்திச் சொல்லிட்டுத்தான் போனா."

ஒரு கல்லுக்கு மூன்று சாட்சி கேட்கிற மனிதர் என்னிடம் ஆதாரம் எதுவும் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.